நாலரைக்குக் கப்பல்

சயான் கோலிவாடா, மூன்றாம் மாடி.
ஜூலை மழையில் நாலு நாளாய்க் காயாத ஸ்வெட்டரில்
இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது
பதினாலு என்று போட்ட வட்ட ஸ்டிக்கர்.
மெஷினில் இரண்டு தரம் சுற்றியும் போகவில்லை.

பதினாலாம் நம்பர் பஸ்காரர்கள் நாங்கள்.
குடையைத் தூக்கிப் பிடித்த பெண்ணின் பின்னால்
கோட்டோர், டுப்ரோவ்னிக், ஸ்பிளிட், ஸாதார்.
பெயர்களை மாவு டப்பா மூடியில் எழுதி
கிரைண்டர் சுற்றும் நேரத்தில் மனப்பாடம் செய்தேன்.
எல்லாம் மாவு விற்ற காசு.
கிலோ எழுபது ரூபாய் என்றால்
அட்ரியாட்டிக் கடல் எத்தனை கிலோ என்று
பென்சிலை எடுத்தார் இவர்.
துறைமுகத்தில் சரக்கு எண்ணிய கை.
வேண்டாம், அரைத்தவள் நான், எனக்குத் தெரியும் என்றேன்.

ஜன்னலில்லாத அறைதான் கட்டுப்படியானது.
கடலுக்கே வந்து கடல் தெரியாமல் படுப்பானேன் என்று
முதல் ராத்திரி முழுக்கப் புலம்பல்.
வீட்டில் மட்டும் என்ன தெரிகிறது,
எதிர் பில்டிங்கின் ஏசி தண்ணீர்தானே.

கோட்டோரில் மலைமேல் கோட்டைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி.
நாற்பதில் உட்கார்ந்துவிட்டோம்.
டுப்ரோவ்னிக்கில் ஒரு காப்பி நானூற்றைம்பது ரூபாய்,
இரண்டாய்ப் பிரித்தோம், அது சிரிப்பாய்த்தான் இருந்தது.

ஸ்பிளிட்.
ராஜா கட்டிய அரண்மனைக்குள்
ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.
சுவருக்குச் சுவர் கயிறு, கயிற்றில் போர்வை, பனியன்.
ஒரு கிளிப் என் தோளில் விழுந்தது.
மேலே ஒருத்தி, வாயில் இன்னும் இரண்டு கிளிப்,
கை நீட்டினாள்.
கொடுத்துவிட்டு வரலாமென்று படியேறினேன்.
அவள் அடுப்பில் ஏதோ மீன்.
ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள்.
என் பாஷை அவளுக்கில்லை, அவளுடையது எனக்கு.
போர்வையின் இந்த முனையை நான் பிடித்தேன்,
அந்த முனையை அவள்.
உதறினோம். மடித்தோம். அடுத்தது.
குடை எந்தத் தெருவில் திரும்பியதோ.

நாலரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று
காலையில் மூன்று முறை சொன்னார்கள்.

ஓடி வந்தபோது நாலு ஐம்பது.
ஏணிப்படியில் ஒரு கால், கரையில் ஒரு கால்,
வெள்ளை யூனிஃபார்ம் பையனிடம்
இந்தியில் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்.
தோ மினிட் பாய், தோ மினிட், மேரி வைஃப்.
பையனின் வாக்கி டாக்கியில்
என் பெயர் உடைந்து உடைந்து போனது.
சுயம்... கனி... சுயம்பு...
முப்பத்தொரு வருஷத்தில் இவர் வாயில் வராத பெயர்.
வீட்டில் நான் ஏளா.

கப்பல் என்றால் இவருக்குக் கடிகாரம்.
பெரியவன் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது
மறுநாள்தான் வந்தார்,
இரும்பு இறங்கிக்கொண்டிருந்ததாம்.
எத்தனை ஓவர்டைம், எத்தனை கடைசி லோக்கல்,
எத்தனை சோறு ஆறி
மூடி வைத்த தட்டில் வேர்த்தது.
அதே மனிதன்
ஒரு மலை அத்தனை கப்பலை
ஒற்றைக் காலால் நிறுத்தி வைத்திருந்தார்.

திட்டவில்லை.
மணிக்கட்டைப் பிடித்தார்,
தாதர் கூட்டத்தில் பெட்டியைப் பிடிப்பதுபோல்.
அறைக்கு வந்தும் விடவில்லை.
ஜன்னலைப் பற்றி அன்று ஒரு பேச்சுமில்லை.
என் கையில் மீன் வாசம்.
என்ன மீன்ளா என்று மட்டும் கேட்டார்,
இருட்டில், ரொம்ப நேரம் கழித்து.
தெரியாது என்றேன்.

இன்று காய் வாங்கக் கீழே இறங்கியிருக்கிறேன்.
முழங்கால் வரை தண்ணீர், ஆட்டோ இல்லை.
நாலரை அடித்ததும் போன்.
எங்க நிக்க? கப்பல் எடுக்கப் போறான்.
வாரேன் என்று சொல்லிவிட்டு
நல்ல முருங்கைக்காயை
இன்னொரு தரம் முறுக்கிப் பார்க்கிறேன்.
நிற்கட்டும்.