கண்ணாடிக்குள் வராத இடம்

ஊரில் டிரைவர் உட்காரும் பக்கம்
இங்கே ஹெல்பர் உட்காரும் பக்கம்.
அந்த வலப்பக்கத்தில் ஆறு வருடம்.
தார்ப்பாய் இழுத்துக் கட்டத் தெரியும்,
பெல்ட் முறுக்கத் தெரியும்,
டிரைவர் தூங்கிவிடாமல் பேசத் தெரியும்.
ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறேன்,
திருப்பியதில்லை.

இருபது மாதச் சீட்டைப்
பதினெட்டாம் மாதம் எடுத்தேன்.
தள்ளுபடி போக
நாலாயிரத்து எண்ணூறு திர்ஹம்.
ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில்
இந்தப் பணத்தைச் சுற்றி மூன்று பள்ளிகள்.

முதல் பள்ளியில் ஏசி குளிர்ந்தது.
ஐந்து மொழியில் நோட்டீஸ்.
தமிழில் 'கனரக வாகணம்' என்றிருந்தது.
ஆறாயிரத்து எண்ணூறு, தவணை உண்டு,
முதல் டெஸ்டிலேயே பாஸ் என்றாள் அந்தப் பெண்.
காப்பி நன்றாக இருந்தது.
வண்டியைப் பார்க்கலாமா என்றேன்.
சேர்ந்த பிறகு, என்றாள்.

இரண்டாவது மூவாயிரத்து இருநூறுதான்.
பூமிநாதன் படித்த இடம்.
டெஸ்ட் மைதானத்துக்கு வெளியே
கரக் சாயா ஊதிக் குடித்தபடி கணக்குச் சொன்னான்:
ஒரு கேபினில் நாலு பேர்,
ஆளுக்குப் பத்து நிமிடம்.
ஃபெயிலானால் ஆறு வகுப்பு, வகுப்புக்கு நூற்றிருபது.
நாலு தடவை ஃபெயில்.
அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பேனாவால் கூட்டினேன்:
ஆறாயிரத்து எண்பது.
பாஸானவர்களையும் கேட்டேன்.
அவர்கள் பள்ளியைப் பற்றிப் பேசவில்லை,
தங்களைப் பற்றிப் பேசினார்கள்.

மூன்றாவது, மார்பிள் அறுக்கும் கடைகள் தாண்டி.
நாலாயிரத்து அறுநூறு.
பெயிண்ட் உரிந்த டிரக்.
அலுவலகம் என்றால் ஒரு கன்டெய்னர்,
அதில் பாதி சிமெண்ட் மூட்டை.
மூன்று ஞாயிறு வேலிக்கு வெளியே நின்றேன்,
கையில் போன், கடிகாரத்தைத் திறந்துவைத்து.
நாற்பத்தைந்து நிமிட வகுப்பில்
நாற்பத்தொரு நிமிடம்
படிக்கிறவன் கை ஸ்டியரிங்கில் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு வண்டி நகரவே இல்லை.
குல்ஷர் என்ற பட்டாணிப் பையன்,
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன்,
முன்சக்கரத்துக்கு ஓரமாக வலப்பக்கம்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.
ஆரஞ்சு உரித்தான்.
'நான் எங்கே இருக்கேன், கண்ணாடியில் பார்த்துச் சொல்'
என்று இந்தியில் கத்தினான்.
மேலே இருந்தவன் ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தான்.
உடம்பை வளைத்துப் பார்த்தான்.
'இல்லை உஸ்தாத்.'
'ஆரஞ்சு வாசனைகூட வரலியா?'
சிரித்தார்கள்.
பிறகு அவனை இறக்கி
நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு
இவன் மேலே ஏறி
எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்தான்.
நாற்காலிக்காரன் தானாக எழுந்துவிட்டான்.

வேலிக் கம்பியைப் பிடித்திருந்தேன்,
கை சுட்டது பிறகுதான் தெரிந்தது.
அந்த நாற்காலி இருக்கும் இடத்தில்
ஆறு வருடமாக நிற்கிறவன் நான்.
வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல ஒடி, ஹோல்டான் என்று
தகரத்தைத் தட்டிக்கொண்டு.
திப்பாவில் கல் ஏற்றும் இடத்தில்
சவரிமுத்துவும் அப்படித்தான் தட்டிக்கொண்டு நின்றான்.
போலீஸ் கேட்டபோதும்
கம்பெனி கேட்டபோதும்
அவன் தம்பி போனில் கேட்டபோதும்
டிரைவர் ஒன்றையேதான் சொன்னார்:
கண்ணாடியில் இல்லை.
பொய்யில்லை அது.
யாரும் அவரை இறக்கி அங்கே உட்கார வைத்ததில்லை.

கன்டெய்னருக்குள் போனேன்.
பணத்தை இரண்டு முறை எண்ணி வாங்கினார்கள்.
ரசீதில் என் பெயரின் பாதி எழுத்து தப்பு.
மீதி இருநூறில்
கண் டெஸ்டுக்கு நூற்றைம்பது.

ராத்திரி செல்வராணி போனில் கேட்டாள்,
நல்ல பள்ளிக்கூடந்தானா, என்ன வசதி இருக்கு.
ஒரு நாற்காலி இருக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
'நாற்காலியா?
அதுக்கா அவ்வளவு காசு கொடுத்தீங்க?'