மஞ்சளின் கணக்கு

காயா கிண்டும் கூடத்தில்
காலை நாலு மணிக்கு முட்டை உடைக்கிறேன்.
மஞ்சள் வாணலிக்கு. வெள்ளை வாளிக்கு.
கேக் கடைக்காரர் வர மறந்தால்
வாளி சாக்கடைக்கு.

நேற்று சிட்டி ஹாலில் மழை.
தேவாலயச் சுவரோரம் ஒதுங்கியபோது
பக்கத்தில் யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்:
சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, சர்க்கரை,
தேங்காய் நார் ஊறிய தண்ணீர்.
மதராஸ் சாந்தாம்.
கட்டியவர்கள் கப்பலில் வந்த கைதிகளாம்.

சுண்ணாம்பை எடுத்துவிட்டால் பலகாரம்தான்.
சுவரை ஒருமுறை தொட்டு
விரலை முகர்ந்தும் பார்த்துவிட்டேன்.
மழை வாசம்.

பேருந்தில்தான் கணக்கு இடித்தது.
இத்தனை வெள்ளை சுவரில் என்றால்
அத்தனை மஞ்சளும் எங்கே?

துரை வீட்டுப் புட்டிங்குக்குப் போயிருக்கும்.
கங்காணியின் சட்டிக்கும் கொஞ்சம்.
ஆனாலும் ஒருவன்,
பெயர் நானே வைக்கிறேன், சன்னாசி,
சங்கிலி சத்தம் போடாமல் குந்தி
உள்ளங்கையில் ஒரு கருவை ஏந்தி
உப்புக்கல் வைத்து
அப்படியே விழுங்கியிருப்பான்.
மீசையில் என்னடா மஞ்சள் என்றதற்கு
வெயிலுங்க என்றிருப்பான்.

சியூ லானிடம் சொன்னேன்.
பாண்டான் இலையை முடிச்சுப் போட்டபடி,
"சுவர் அவங்களுக்கு, காயா நமக்கு,
சீக்கிரம் உடை" என்றாள்.

இருநூறையும் தாண்டி ஒரு முட்டை.
தட்டினால் இரட்டைக் கரு.
சியூ லான் தேங்காய்ப்பால் எடுக்கத் திரும்பினாள்.

ஒன்றை வாணலியில் விட்டேன்.
மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு
உப்பு தேடுகிறேன்.