ஐஸ் கை

காசிமேட்டில் எனக்கு வேலை
ஐஸ் பாளம் உடைத்துக் கூடை நிரப்புவது.
வஞ்சிரமோ சங்கராவோ
என் கை படாமல் வண்டி ஏறாது.
வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டுக் கழுவி,
அரைமணி கழித்துத் தொட்டாலும்
ஊரே எனக்குக் காய்ச்சலில் கிடக்கும்.
சுவர் சுடும். சொம்பு சுடும்.
பிள்ளை மட்டும் சுடாமல் இருப்பாளா?

முதல் மாதத்திலேயே மூன்று முறை
"ரோஸ்லின், எழுந்திரு, உடம்பு கொதிக்குது" என்று
அலறி எழுப்பினேன்.
மூன்று முறையும்
பியூலாவின் கழுத்தடியில் விரல் வைத்துப் பார்த்து
"உன் கையைக் கொண்டுபோய் அடுப்புல வை"
என்று திரும்பிப் படுத்தாள்.

நாலாம் நாள் அவளே போய்
கல்மண்டபம் மருந்துக்கடையில் வாங்கி வந்தாள்,
விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி.
மாடிவீட்டு எஸ்தர் தன்னிடமிருந்த
பழைய கண்ணாடிக் குழாயைத் தருகிறேன் என்றாள்தான்.
உடைந்தால் பாதரசம் பாய்க்கடியில் ஓடும்,
யார் பொறுக்குவது, வேண்டாம் என்றுவிட்டாள்.

அதற்கும் கை பழக வேண்டியிருந்தது.
குளிப்பாட்டிய சூட்டோடு பார்க்கக்கூடாது.
துணியில் சுற்றியிருந்தால் அவிழ்த்துவிட்டுக்
கால்மணி பொறுக்கணும்.
அக்குள் ஈரத்தை ஒற்றி எடுக்கணும்.
முனை சட்டையில் இல்லை, தோலில்,
குழியின் நடுவில் உட்காரணும்.
அப்புறம் அந்தக் குட்டிக் கையை
மார்போடு சேர்த்துப் பிடிக்கணும்.
நண்டைப் பிடிக்கிற பிடி எனக்குத் தெரியும்,
இது அது இல்லை.
நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது.

பீப் வரும்வரை
தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி
முழுசாகப் போய் முடியும்.
தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்று.
காலண்டர் ஓரத்தில் எழுதிவைப்பாள் ரோஸ்லின்,
மின்கட்டணம் கட்டும் தேதிக்குப் பக்கத்தில்.

தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸம்மா சொன்னது:
"அக்குள்ல தொண்ணூத்தொம்பதைத் தாண்டினாலே
சும்மா இருக்காதீங்க, கேளுங்க.
மூணு மாசம் முடியறதுக்குள்ள நூறு புள்ளி நாலு காட்டினா
நீங்களா மருந்து ஊத்தாதீங்க,
விடியட்டும்னு உக்காராதீங்க."

ஆடியில் எனக்கே வந்தது காய்ச்சல்.
ஐந்து நாளாக ஐஸ் பக்கம் போகவில்லை,
வாசலோரம் தனிப் பாயில் கிடந்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
மனசு கேட்காமல் கையைக் கழுவிக்கொண்டு
நெற்றியைத் தொட்டேன்.
ஜில்லென்று இருந்தாள்.
வாழ்க்கையில் முதல்முறையாக
"ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன்.

ரோஸ்லின் தூங்கவில்லை.
"பால் குடிக்கல. அழவும் இல்ல. அதான் பயமா இருக்கு."
விளக்கைப் போட்டாள்.
குச்சி, அக்குள், குட்டிக் கை, அந்தப் பிடி.
கூட்ஸ் வண்டி எதுவும் வரவில்லை.
நூறு புள்ளி ஆறு.
அடுத்த பக்கம் வைத்தாள்.
நூறு புள்ளி ஆறு.

பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
காகிதம் தேட நேரமில்லை.
ஆட்டோக்காரர் சாதிக் மீட்டரும் போடவில்லை,
வாயும் திறக்கவில்லை.
மேம்பாலத்து விளக்குகள்
பிள்ளையின் முகத்தில் வந்து வந்து போயின.

ஸ்டான்லியில் டியூட்டி டாக்டர்,
என் தங்கை வயசு இருக்கும், கேட்டாள்:
"எவ்வளவு? எப்போ? எங்க வெச்சுப் பாத்தீங்க?"
கையை நீட்டினேன்.
வேர்வையில் ஊறி
ஒரு நீலக் கறைதான் இருந்தது.
"நூறு புள்ளி ஆறு, அக்குள்ல,
ரெண்டு பத்துக்கு, ரெண்டு பக்கமும்,"
பின்னாலிருந்து சொன்னாள் ரோஸ்லின்.
டாக்டர் எழுதிக்கொண்டாள்.

ஏழு நாள் இருந்தோம்.
திரும்பி வந்து ஐஸுக்குப் போகிறேன்.
சுவர் சுடுகிறது, சொம்பு சுடுகிறது.
தொடாமல் இருக்க முடிகிறதா?
தொடுகிறேன்.
தொட்டதும் கையை உதறுகிறாள் பியூலா,
ஜில்லிப்புப் பிடிக்காமல்.