லாட் 2117

ஆகஸ்டு பிறந்தால் என் கடையில்
சிவப்பு மை தங்காது.
கொடி, தோரணம், பள்ளிக்கூடத்துப் பதாகை.
இந்த வருடம் கூடுதலாக மூன்று.

முதலில் வந்தது பூங்காவனம்.
பத்தடிக்கு நாலடி. எங்கள் இடுகாட்டைத் தொடாதே.
இடத்தின் பெயர் கேட்டேன்.
"பாலாபீஸ் மேடுதான், தெரியாத மாதிரி கேட்கிறாய்."
பால் நிறுத்த கொட்டகை விழுந்து
செம்பனை முளைத்து, அந்தச் செம்பனையும் கிழமாகிவிட்டது.
பெயர் மட்டும் நிற்கிறது.

மத்தியானம் கம்பத்து ரொஸ்லான்.
அவர் தகப்பன் நட்ட டுரியான், பதினாறு மரம்,
அதே மேட்டில். அவருக்கு அது புக்கிட் தெபு.
கரும்பு ஒன்றுகூட நான் அங்கே பார்த்ததில்லை.
"பன்னிரண்டடி போடு" என்றார்,
சுவரில் காய்ந்த பத்தடியைப் பார்த்துக்கொண்டே.

கடை அடைக்கப்போகும்போது
தவுக்கே லியோங்கின் மருமகள்.
ஓடையிலிருந்து இழுத்த குழாயை
யாரோ இரண்டு தரம் வெட்டிவிட்டார்கள்,
கீரைப் பாத்தி கருகிவிட்டது.
பில்லில் அவள் எழுதச் சொன்னது நாலாங்கட்டை.
அளவு கேட்கவில்லை. "அவர்களுடையதைவிடப் பெரிசு."

மூவரும் பேரம் பேசவில்லை.
ரொக்கம்.

பூங்காவனத்தின் புருஷன் செத்த அன்று
பெட்டியை ஏற்றிப் போனது ரொஸ்லானின் லோரி.
பாதிவழியில் சேற்றில் புதைந்தது.
பின்னால் நின்று தள்ளி
முகமெல்லாம் மண் அப்பிக்கொண்டவன் லியோங்கின் மகன்.
அந்த மேட்டுக்குத்தான் போனார்கள்.
எந்த மேடு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

மாவட்ட அலுவலகத்து ஆர்டர் கடைசியில் வந்தது,
கடனுக்கு. இருபதடி.
ஒரே நெஞ்சம், ஒரே மண்.
நாலையும் ஒரே சுருளில் ஓட்டினேன்.
'நெஞ்சம்' வரை நன்றாக வந்தது.
'மண்' வரும்போது சிவப்பு தீர்ந்து
வெளிறிப்போய் விழுந்தது.
வாங்க வந்த பையன் கவனிக்கவில்லை,
மடித்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

நில அலுவலகத்தில் ஒருநாள் வரைபடம் பார்த்தேன்.
பாலாபீஸும் இல்லை, தெபுவும் இல்லை, கட்டையும் இல்லை.
லாட் 2117.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கம்பெனியின் பெயர்.

பெயரைச் சொன்னால்
மூவரும் ஒரே பதாகை கேட்பார்களோ என்னவோ.
சொல்லவில்லை. யாரிடம் முதலில் சொல்வது?
முதலில் கேட்டவர்தான் சொந்தம் என்பார்,
மற்ற இருவரும் என் கடைப் படி ஏறமாட்டார்கள்.

என் அப்பாவும் அங்கேதான் படுத்திருக்கிறார்,
பதினாறாவது டுரியானுக்குக் கீழ்ப்புறம்,
குழாய் போகும் வழியில்.
நான் பதாகை அடிக்கவில்லை.
அடித்திருந்தால்
எத்தனை அடி என்றுதான்
நானும் கேட்டிருப்பேன்.