தெரியும்

சிலிம் ரிவர் எண்ணெய் மில்லில்
லோரி நிறுக்கும் மேடைக்குப் பக்கத்துக் கூண்டு என்னுடையது.
செம்பனைக் குலையோடு ஒருமுறை,
கொட்டிவிட்டு வெறுமையாய் ஒருமுறை.
கழித்து வருவதை அச்சடித்துக் கிழித்துக் கொடுப்பேன்.

லோரி வராத ஒரு நடுநிசியில்
ஆய்வுக்கூடத்து இளமாறன் வந்து சொன்னான்:
"கண்ண மூடுங்க. ஒரு ரம்புத்தான நெனைங்க."
"நெனைச்சாச்சு."
"தெரியுதா?"
"எப்படிடா தெரியும்? கண்ணத்தான் மூடியாச்சே."

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.
அவனுக்குத் தெரிகிறதாம்:
சிவப்பு, நுனிமயிரில் பச்சை, காம்போரம் ஓர் எறும்பு.
முப்பத்தாறு வயதில்தான் எனக்கு உறைத்தது,
மனக்கண் என்று மற்றவர்கள்
பேச்சுக்குச் சொல்லவில்லை.

எனக்கு ரம்புத்தான் ஒரு தகவல்.
ஜொகூர் பாருவில் அறையெடுத்து
தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும்
என் புருஷன் தவனேசனும் தகவல்தான்.
இடப்புருவத்தில் ஒரு வெட்டு.
சிரிக்குமுன் மூக்கைத் தேய்ப்பார்.
எல்லாம் தெரியும்.
எதுவும் தெரியாது.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த ஆளுக்கு
கண்ணை மூடினாலும் வெளிச்சம் இருந்திருக்க வேண்டும்.

இளமாறனுக்கோ வேறு பசி.
கனவுக்குள் போய், கனவென்று அறிந்து,
அங்கே இஷ்டத்துக்குப் பறக்க வேண்டும்.
மணிக்கொருமுறை விரல்களை எண்ணுகிறான்,
தலையணைக்கடியில் நோட்டு,
படுக்குமுன் மனசுக்குள் மலையும் மேகமும் வரைந்துவைக்கிறான்.
மூன்று மாசமாக
அடித்துப்போட்டதுபோல் தூங்கி எழுகிறான், பாவம்.

எனக்குக் கனவு வரும். நிறத்தோடு வரும்.
போன வியாழன் கூண்டிலேயே கண்ணசந்தேன்.
கனவிலும் அதே கூண்டு, அதே மில் வாடை,
மேடையில் ஒரு லோரி, டிரைவர் இல்லை.
அலுப்பில் கண்ணை மூடினேன்.

ரம்புத்தான்.
எறும்பு காம்பைச் சுற்றிப் போனது.

அடியே, இது கனவு.

மூடிய கண்ணுக்குள் எனக்கு ஒன்று தெரிகிறதென்றால்
விரல் எண்ண வேண்டியதில்லை,
நோட்டும் வேண்டாம்.

"தவனேசன், இறங்கி வாங்க" என்றேன்.
லோரிக் கதவு திறந்து
முதலில் கேன்டீன் அக்கா வந்தாள், கையில் தே தாரிக்.
"நீ இல்லக்கா" என்றேன். கோபித்துக்கொண்டு போனாள்.
அப்புறம் அவர்.
மூக்கைத் தேய்த்தார்.
நான் பார்த்தேன், பார்த்தேன், கிட்டப் போய்ப் பார்த்தேன்.
வெட்டு வலப்புருவத்தில் இருந்தது.

விழித்ததும் கருப்பு, வழக்கம்போல்.
மணி ஐந்து பத்து. போன் போட்டேன்.
பாலத்து வரிசையில் ஆயிரம் மோட்டார் உறுமல்.
"உங்க புருவத்து வெட்டு எந்தப் பக்கம்?"
"என்னா லா, விடியக்காலையில?"
"சொல்லுங்க."
ஒரு நிமிஷம் ஒன்றும் வரவில்லை.
"இரு, ஹெல்மெட்டக் கழட்டித் தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."

அதற்குள் ஒரு லோரி மேடை ஏறிவிட்டது.
திரையில் எண்கள்
நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன.