பன்னிரண்டாம் எண் ஜெர்சி

கிளப் அறையில் அந்தப் படம் தொங்குகிறது:
தீரேந்திரன், எங்கள் பச்சை ஜெர்சியில்,
முதுகைக் காட்டித் தோளுக்கு மேல் சிரிக்கிறார்.
முதுகில் பன்னிரண்டு.
பின்னால் கன்னேரிமுக்குத் தேயிலை,
பாதிக்கு மேல் பனிமூட்டம்.
கேட்கிறவர்களிடம் சொல்கிறோம்,
நம்ம கிளப்போட தீவிர ரசிகர்.

நடந்தது வேறு.
டூயட் எடுக்க வந்தார்கள் கோத்தகிரிக்கு.
மழை லாரி வந்தது,
லாரிக்கு முன்னாலேயே மழை வந்தது.
நனைந்த சட்டை காயும் வரைக்கும்
உலர்ந்ததாக ஏதாவது கேட்டார் மேனேஜர்.
"பெள்ளிராஜோடதைக் கொடு,
அவன் பெஞ்சுலதானே இருக்கான்" என்றார் கோச்.

நாற்பது நிமிடம் போட்டிருந்தார்.
அதில் ஒருமுறை பந்தை உதைத்தார்.
சரிவில் உருண்டு
யாருடையதோ கேரட் பாத்திக்குள் போனது.
கைதட்டினோம். நானும்தான்.
தட்டிவிட்டுப் பந்தெடுக்கப் போனதும் நான்தான்.

ஜெர்சி திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் டோர்னமென்ட் போஸ்டரில்
அவர் முகம் ஆளுயரத்துக்கு,
கீழே நாங்கள் பதினோரு பேர்
ரேஷன் கார்டு அளவில்.
அவர் படம் வெள்ளிக்கிழமை விழுந்தால்
ஞாயிற்றுக்கிழமை கூடலூர்க்காரர்கள்
எங்களைப் பார்த்துக் கத்துகிறார்கள்:
"ரெண்டாவது ஷோவுக்கே தூக்கிட்டாங்கடா!"

போன வருடம் பத்திரிகையில் பார்த்தோம்.
வால்பாறையில், இன்னொரு டீமின்
மஞ்சள் ஜெர்சியில், அதே சிரிப்பு.
தலைவர் போஜராஜ் பேப்பரை நாலாக மடித்தார்.
"அங்கயும் மழை பெஞ்சிருக்கும்" என்றார்.

ஜெசிந்தா அம்மாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
ஒன்பது மணி சீரியலில் அங்கயற்கண்ணி.
மருமகளின் பாலில் என்னவோ கலந்தவர்.
வீடு அரவேணு பக்கம்,
மாதத்தில் பாதி சென்னையில் ஷூட்டிங்.
சனி இரவு ரயிலேறி
மேட்டுப்பாளையத்தில் இறங்கி
பெட்டியோடு நேராக மைதானம்.
கிழக்கு கோல்போஸ்டுக்குப் பின்னால்
சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்,
பக்கத்தில் ஒரு ஆள் உட்காராது.
ஒருமுறை முறுக்கு நீட்டினார்;
வாங்கிய பையன் தின்னாமல்
பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

முழங்கால் போனபின் கிளப் எனக்குத் தந்தது லைன் கொடி.
"ஆஃப்சைடு! அந்தக் கொடிய என்ன
சுதந்திர தினத்துக்கா வச்சிருக்கே?"
கேட்பவர் அவர்தான்.
பெரும்பாலும் தப்பு என்னுடையதுதான்.
பெள்ளிராஜ் முதுகில் ஏன்
பிளாஸ்திரி ஒட்டிப் பன்னிரண்டு எழுதியிருக்கிறது,
அதைக் கேட்டதும் அவர் ஒருவர்தான்.

அவர் படத்தையும் மாட்டலாமே என்றேன் கமிட்டியில்.
வில்லி படமா, ராசியில்லை என்றார்கள்.

போன ஞாயிறு, எண்பதாவது நிமிடம்,
பனி இறங்கியது.
போஸ்ட் போனது, கிழக்கு போனது,
என் கையிலிருந்த கொடி எனக்கே பாதிதான் தெரிந்தது.
ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார்.
பெள்ளிராஜை இறக்கியிருந்தார்கள்.
ஈரத்தில் ரெண்டு உதிர்ந்து
முதுகில் வெறும் ஒன்று.

"இங்கடா! இங்க!"

குரலைப் பார்த்து உதைத்தான்.
ஒரு மூச்சு நேரம் எதுவுமில்லை.
பிறகு
பிளாஸ்டிக்கில் அடிபட்ட சத்தம்.

வெளியே போச்சு என்றார்கள் கூடலூர்க்காரர்கள்.
கம்பத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா,
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கொடியைப் பார்த்தேன்.

பந்தைக் குடம்போல இடுப்பில் வைத்து
பனிக்குள்ளிருந்து நடந்து வந்தார்.
"கோல்" என்றார்,
ஒன்பது மணிக் குரலில்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை. விசில் ஊதியது.

கோலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஸ்டூலை என்னிடம் தந்துவிட்டுப்
பெட்டியைத் தூக்கினார். அடுத்த பஸ் எப்போ?
அஞ்சரைக்கு என்றேன்.

"ஓடணும்.
காலைல ஒருத்தியைக் கிணத்துல தள்ள வேண்டியிருக்கு."