வரி நானூற்றுப் பன்னிரண்டு

லேவார்டன். ஜனவரி. காலை ஏழுக்கும் இருட்டு.
ஷௌக்யே கோட்டைக்கூடக் கழற்றாமல்
திரை முன் உட்கார்ந்தாள்.

நேற்றிரவு கால்வாய்ப் பூட்டில்
இந்தப் பக்கத் தண்ணீருக்கும் அந்தப் பக்கத் தண்ணீருக்கும்
ஒன்றரை மீட்டர் வித்தியாசம் இருக்க,
கதவு மேலே எழத் தொடங்கிவிட்டது.
நாற்பது டன் உருளைக்கிழங்கோடு நின்ற வுப்போவின் படகு
கயிற்றை அறுத்துக்கொண்டு சுவரில் மோதியது.
வுப்போவுக்கு இடது மணிக்கட்டு. அதோடு போயிற்று.

தேடப் பெரிதாக ஒன்றுமில்லை.
கம்பைலர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது,
இருநூற்றுப் பதினொரு எச்சரிக்கைகளுக்கு நடுவே,
தொண்டையைக்கூடச் செருமாமல்:
வரி 412. 'வித்தியாசம்'
மதிப்பு எதுவும் வைக்காமலே பயன்படலாம்.

பயன்படலாம்.
அந்த 'லாம்' ஒன்றுதான் எல்லாரையும் தூங்கவைத்தது.

சென்சார் பதில் சொன்னால் எண் உள்ளே வரும்.
சொல்லாவிட்டால்?
சொல்லாவிட்டால் என்று ஒரு வரியே இல்லை.
பெயர் இருக்கிறது. இடம் இருக்கிறது.
இடத்தில், முன்பு குடியிருந்தவர்
காலி செய்யாமல் போட்டுப்போனது இருக்கிறது.

முன்பு குடியிருந்தது வெப்பநிலை.

ஜூலையில் சென்சார் வாய் மூடியபோதெல்லாம்
வித்தியாசம் பத்தொன்பது, இருபத்திரண்டு என்றது.
கதவு மறுத்தது. படகுக்காரர்கள் திட்டினார்கள்.
யாரோ அணைத்துப் போட்டார்கள்.
கோடை முழுவதும் காவல் காத்தது
ஒரு குப்பை எண்.

நேற்று சென்சார் உறைந்தது.
உறையவைத்த குளிர் சரியாகப் பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் கதவுக்கு ஒரே பொருள்:
இரு பக்கமும் சமம். திற.

ஹார்மன் காபியோடு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"ஒரு நிமிஷ வேலை. பிறக்கும்போதே பூஜ்யம் போட்டுவிடு,
எச்சரிக்கை ஓடிவிடும்."

ஓடிவிடும்தான்.
எப்போதோ தற்செயலாய் நேர்ந்தது
இனி ஒவ்வொரு முறையும்
பிசகாமல் நேரும்,
ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்.
சுழி தாளில் இருந்தால் எண்.
தண்ணீரில் இருந்தால் ஆளை இழுக்கும்.

அவளுக்கு வேண்டியது 'இல்லை' அல்ல,
'தெரியாது'.
அதற்கென்று ஒரு எண் கிடையாது.
இன்னொரு வேரியபிள் வேண்டும்,
'அளந்தோமா' என்று பெயர் வைத்தாள்.
அளக்கவில்லையா, கதவு மூடியே கிடக்கட்டும்,
மணி அடிக்கட்டும், குளிரில் நின்று திட்டட்டும்.

"பதினொரு வரி," என்றான் ஹார்மன். "ஒரு நிமிஷ வேலைக்கு."

ஒன்பது மணிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.
உருளைக்கிழங்கு முழுக்க உறைந்துவிட்டதாம்.
காப்பீட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம்,
யார் எழுதியது என்று.

கோப்பின் முதல் வரியில் தேதியோடு இருந்தது பெயர்.
"நான்தான்," என்றாள்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பதில் இல்லை.
அவள் அதற்கு எந்த மதிப்பும் வைத்துக்கொள்ளாமல்
காத்திருந்தாள்.

திரையில் இன்னும் இருநூற்றுப் பத்து.